இரண்டாவது கேள்வி

எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு ஒருவரோடு பழக்கம் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். பெண்கள் என்றால் மட்டும், அதுவும் ஐம்பதை ஒட்டிய பெண்கள் என்றால். மற்ற ஆட்கள் எந்த ஊர், எப்போது வந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை என்று சுற்றிவளைத்து வருவார்கள். இவர் நேரே "உங்களுக்கு நிண்டுட்டா?" என்று கேட்பார். எது நின்றுவிட்டது என்று எதிரே நிற்பவர் ஒரு கணம் விழிப்பார். பிறகு விளங்கும். விளங்கியதும் அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கும் வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். மெட்ரோவில் கேட்டிருக்கிறார். ஒரு செத்தவீட்டில் மலர்வளையத்துக்குப் பக்கத்தில் நின்றும் கேட்டிருக்கிறார். குரலைத் தாழ்த்தலாம் என்ற யோசனையே அவருக்கு வராது. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் கோபிக்க மாட்டார், இப்போது இருக்கிற கல்கரியிலிருந்து போன் எடுத்து, ஏன் படமும் சேர்த்துப் போடவில்லை என்று கேட்பார். இருந்தாலும் எங்களுக்கு அவர் என்றைக்கும் கீழ்வீட்டு அக்காதான்.

பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில், கார்ட்டியர்வில்லில் இரண்டு தட்டு வீடு அது. வெளியே இரும்புப் படி. கீழே அக்காவும் அவருடைய கணவரும். பகலில் அக்கா அங்கே கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் நடத்துவார். பல நாட்டுக் குழந்தைகள் நடை பழகுவதும் விழுவதும் மேலே எங்களுக்குக் கேட்கும். மேல்தட்டில் நான், என் கணவர், பிள்ளைகள், மச்சாள். மச்சாள் என்றால் என் கணவரின் தமக்கை. யாழ்ப்பாணத்திலேயே புருஷனை இழந்து, தம்பியோடு வந்து, ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தலை கலைந்து நான் அவரைப் பார்த்ததில்லை. தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்லிக் கேட்டதும் இல்லை. அந்த மூன்று நாளைக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே சொல் "சுகமில்லை". சுகமில்லை என்றால் சாமியறைக்குப் போவதில்லை, நாலாம் நாள் தலை முழுகுவது. அதற்கு மேல் அதில் கதைக்க ஒன்றும் இல்லை.

நாங்கள் குடிவந்த கிழமையே அக்கா இரும்புப் படியில் மச்சாளை மறித்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். மச்சாள் பதில் சொல்லாமல் மேலே வந்து, கைப்பையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அந்த மனுசி இருக்கும் வரைக்கும் தான் முன்படியால் இறங்கப் போவதில்லை என்று எனக்கு அறிவித்தார். சொன்னபடியே குளிர்காலத்திலும் பின்பக்க மரப்படியால்தான் வேலைக்குப் போனார். அங்கே பனி வழிக்க ஆள் கிடையாது. மானத்தைக் காக்க மச்சாள் தானே மண்வெட்டி எடுத்துப் பனி வழித்தார்.

நான் அப்போது முப்பதுகளில் இருந்தேன். பெண்ணின் உடம்பு வளரும், பிள்ளை பெறும், அதோடு அதன் கதை முடிந்தது என்று நினைத்திருந்தவள். அதற்குப் பிறகும் அது மாறிக்கொண்டே இருக்கும் என்பதைக் கீழ்வீட்டு அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்க்காமல் இருக்க அவர் விடவும் இல்லை.

தை மாதத்தில் அவர் வீட்டு ஜன்னல் திறந்து கிடக்கும். உள்ளே அவருடைய கணவர் குளிர் ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிற, அதிகம் பேசாத மனிதர். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அவக்கு உள்ளுக்க அடுப்பு எரியுது, என்னட்ட ஜக்கெற் இருக்கு" என்றார். ஐந்து நிமிடம் கழித்து அக்காவுக்கு வியர்வை அடங்கிக் குளிரத் தொடங்கும். அவரே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். கணவர் தொப்பியைக் கழற்றமாட்டார். எப்படியும் மறுபடி திறக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நாடியில் முளைத்த மயிரை வாசலில் வெளிச்சத்துக்கு நின்று பிடுங்குவார். உளுந்து என்ற சொல் வாயில் வராமல், அந்தக் கறுத்தது, உள்ளுக்கு வெள்ளையாக இருக்குமே என்று கையைப் பிசைவார். சிரித்தால் ஒரு சொட்டுக் கசிந்துவிடும் என்று, சிரிப்பு வந்தால் முதலில் ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டு நிற்பார். "பொறுகா, கால் பூட்டிட்டுச் சிரிக்கிறன்" என்பார். பார்மசியில் இளம் பையன் ஒருவனிடம், உள்ளே வறண்டு எரிகிறது, அதற்கு என்ன களிம்பு இருக்கிறது என்று அவர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. அவன் ஒரு பதற்றமும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தான்.

சில நாட்களில் காரணமில்லாமல் கண் கலங்கும். மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், இவருக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். என்னக்கா என்று கேட்டால், தான் அழவில்லை, உடம்புதான் அழுகிறது, கொஞ்ச நேரத்தில் அதுவே நிறுத்திவிடும் என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைப்பார். இடுப்பு பருத்து, உள்சட்டையெல்லாம் இறுகியபோது மற்றவர்கள் மாதிரிப் பட்டினி கிடக்கவில்லை. மச்சாள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மேலே வந்து, மச்சாளின் தையல் பெட்டியிலிருந்தே கத்தரிக்கோலை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தார். "சட்டை இறுகினாச் சட்டையத்தான் பிரிக்கணும் புள்ள, உடம்பை இல்ல" என்றார்.

இதையெல்லாம் அவர் ஒரு குறையாகச் சொன்னதே கிடையாது. வேலையில் பதவி உயர்ந்தவர் சொல்வதுபோலச் சொல்வார். லவாலில் ஒரு ஹோலில் சாமத்திய வீடு, அதுதான் பூப்பு விழா, நடந்தது. பெரியபிள்ளையான பெண் குதிரை வண்டியில் வந்து இறங்கினாள், புகை விட்டார்கள், பெரிய திரையில் படம் ஓடியது. எங்கள் மேசையில் எல்லோரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "வந்ததுக்குக் குதிரை வண்டி. நிண்டதுக்கு ஒரு பிளேன்ரீகூட இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, காலும் பூட்டவில்லை. அது அவருக்குப் பகிடி இல்லை என்பது அந்த வைகாசியில்தான் எனக்கு விளங்கியது.

வைகாசி மாதத்தில் மட்டக்களப்பு ஆட்கள் சேர்ந்து கண்ணகி அம்மனுக்குச் சடங்கு வைப்பார்கள். அதற்கென்று இங்கே கோயில் இல்லை. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பட்டு விரித்து அம்மனை இருத்துவார்கள். பொங்கல் அரிசியை அந்த இடத்திலேயே நெல்லாக உரலில் குத்தி எடுக்க வேண்டும் என்பது அக்காவின் ஊர்க் கோயில் வழக்கம். குத்துகிறவர்கள் ஒன்றில் இன்னும் பெரியபிள்ளை ஆகாத சிறுமிகளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதவிடாய் நின்ற பெண்களாக இருக்க வேண்டும். சிறுமிகளுக்கு அன்றைக்கென்று உதைபந்தாட்டம் வந்துவிடும். நின்ற பெண்களோ, மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால், அவரவர் புருஷன்மார் பார்த்திருக்க, எழுந்து வர வேண்டும். எழுந்து வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். பாக்கெட் அரிசியை ஒரு சின்னக் கையுரலில் கொட்டி இரண்டு இடி இடித்துச் சடங்கை ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா இதைப் பொறுப்பெடுத்தார். தெருவில் நகரசபை ஆட்கள் வெட்டிப்போட்ட மேப்பிள் மரத்தின் அடியைக் கேட்டு வாங்கி, தச்சுவேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து உரல் குடைவித்தார். உலக்கைகளுக்குப் பூண் போடுவித்தார். நெல்லை எங்கே எடுத்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் அம்மன் அனுப்பினா என்பார். சடங்கு நாளன்று மண்டபத்தின் நடுவில் நின்று, "நிண்டவங்க முன்னுக்கு வாங்க" என்றார். பெண்கள் தங்கள் காப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டொருவர்தான் வந்தார்கள்.

அடுத்த முறை அவர் ஒரு மாற்றம் செய்தார். குத்துகிற பெண்களுக்கு மஞ்சள் சேலை. அம்மனுக்குப் படைத்த பொங்கலில் முதல் பங்கு அவர்களுக்கு, பிறகுதான் சடங்கை நடத்துகிற சபையின் தலைவருக்கு. பல காலமாக முதல் பங்கை வாங்கிப் பழகிய தலைவரின் முகம் சுருங்கியது. ஆனால் பெண்கள் பக்கம் அசைவு வந்துவிட்டது. முன்னுக்கு இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது? நாற்பது தாண்டி அதிகம் ஆகாத ஒருத்தி தனக்கும் நின்றுவிட்டது என்று வந்து நின்றாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். "உனக்கு இன்னும் காலம் கிடக்குகா, அவசரப்படாத" என்று திருப்பி அனுப்பினார்.

குத்தத் தொடங்கியதும் மேலே தேவாலயத்துத் தரை அதிர்ந்திருக்க வேண்டும். அதைப் பராமரிக்கிற பிரெஞ்சுக்கார அம்மா கீழே இறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். அக்கா தன் கார்டெரி பிரெஞ்சில் விளக்கினார். இது நின்றுபோன பெண்கள் செய்கிற பூசை என்ற அளவுக்கு அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் தன் நெஞ்சைத் தொட்டு "மொவா ஓசி" என்றார், எனக்கும் அப்படித்தான் என்று. அக்கா மறுபேச்சில்லாமல் ஒரு உலக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டார். சபைக்காரர் முணுமுணுத்தார்கள். "நிண்டவங்க எல்லாரும் ஒண்டுதான்" என்பதோடு அந்த விசாரணை முடிந்தது.

மச்சாளும் அன்றைக்கு வந்திருந்தார். மட்டக்களப்பாருடைய சடங்கில் தனக்கு என்ன வேலை என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் அம்மன் அம்மன்தானே. ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிக் குத்த வேண்டும். ஒரு உலக்கை எழும்பும்போது மற்றது விழ வேண்டும். அன்று உரலடியில் நின்ற இருவருக்கும் அது பிடிபடவில்லை. உலக்கையோடு உலக்கை மோதியது. நெல் தெறித்தது. பக்கத்தில் இருந்த மச்சாளின் கால் தாளம் போடத் தொடங்கியது. சிறுவயதில் மா இடித்த கை அது, பிழையான இடியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அதற்கு முடியவில்லை. சால்வையை என் மடியில் போட்டுவிட்டு மண்டபத்தைக் குறுக்கறுத்து நடந்தார்.

அக்கா உலக்கையைக் கொடுக்கவில்லை. "யாழ்ப்பாணத்தக்கா, உங்களுக்கு நிண்டுட்டா?" என்றார்.

மச்சாள் வாய்க்குள்ளே நாலு வருஷம் என்றார். கேட்கவில்லை என்றார் அக்கா. "நாலு வருஷம்" என்று மச்சாள் இந்த முறை சொன்னது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. என் கணவர் செருப்பு வைக்கிற இடத்தில் ஏதோ தேடப் போய்விட்டார்.

பிறகு அந்த இரண்டு பேரும் எதிரெதிரே நின்று குத்தினார்கள். அப்படி ஒரு சோடியை நான் கண்டதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உலக்கை இரண்டும் பிசகாமல் ஏறி இறங்கின. அக்காவுக்கு வியர்த்து ஊற்றியது. மச்சாளுக்குத் தலைமயிர் கலைந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தபோது மச்சாள் முன்படியால் ஏறினார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நாள் தவறாமல் சண்டை. சொதிக்கு எவ்வளவு பால், அம்மனுக்கு எந்தப் பூ. சண்டை பிடிக்க மச்சாள் வேலை முடிந்ததும் நேரே கீழ்வீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டு வைகாசி இப்படிப் போனது. மூன்றாவது சடங்குக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, மச்சாள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். நாளைக்குக் குத்த வரமுடியாது, சுகமில்லை என்று கீழே போய்ச் சொல்லும் என்றார். நான் இறங்கிப் போனேன். அக்கா பூங்காவுக்குக் கூட்டிப்போக ஒரு குழந்தைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"சுகமில்லையெண்டா? காய்ச்சலா?"

"இல்லையக்கா, மற்றது."

அவர் கையிலிருந்த சின்னச் சப்பாத்தை நிலத்தில் வைத்தார். யாழ்ப்பாணத்தக்காவுக்கு நின்று எத்தனையோ வருஷமாச்சே என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். உலக்கை கொடுக்க வேண்டும் என்பதற்காக ஊர்ப் பெண்கள் எல்லோரிடமும் கேட்டு வைத்திருந்த அந்தப் பதில் அவர் மனதில் இருந்தது. வேறு யாருக்கும் அது நினைவில் இல்லை. கூட இருந்த எனக்கும் அது மறந்துபோயிருந்தது. குழந்தைகளைக் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டு இரும்புப் படி அதிர மேலே ஏறினார்.

கதவைத் தள்ளியதும் மச்சாள் கட்டிலின் மூலைக்கு ஒதுங்கினார். "உள்ளுக்கை வராதேங்கோ. நாளைக்கு நீங்கள் உலக்கை பிடிக்கவேணும்" என்றார். அக்கா போய்ப் பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்தார். தீட்டோடு இருப்பவரைத் தொட்டால் மறுநாள் சடங்கில் அவரும் உரலுக்குக் கிட்டப் போகமுடியாது. அந்த உரலைக் கொண்டுவந்தவரே அவர்தான். யோசித்ததாகவே தெரியவில்லை.

எத்தனையாம் தரம் என்று கேட்டார். மச்சாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தை மாதம் ஒருதரம் பட்டதாம், பங்குனியில் ஒருதரம், இது மூன்றாவது. கொஞ்சம்தான், இரண்டு நாளில் நின்றுவிடும், நாலாம் நாள் முழுகிவிட்டேன் என்றார். வயது திரும்பி இளமை வருகிறது என்று அந்தக் காலத்தில் சொல்லுவார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன வெட்கம் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

இத்தனை மாதமாக இந்த மனுசி இரத்தத்தைக் கண்டு, அதைத் தீட்டுக் கணக்கில் போட்டு, ஒதுங்கியிருந்து, தலை முழுகி, முடித்துவிட்டிருக்கிறார். எங்கள் வீடுகளில் இரத்தம் என்றால் சாமியறைக்குப் போகலாமா கூடாதா என்பது மட்டும்தான் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் விஷயம் முடிந்தது. உடம்பு வேறு ஏதாவது சொல்ல வந்திருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

"நிண்டது திரும்பி வந்தா அது தீட்டு இல்லக்கா" என்றார் கீழ்வீட்டு அக்கா. "உடம்பு கூப்பிடுது. ஒண்டும் இல்லாமலும் இருக்கும், பெரிசாவும் இருக்கும். பாத்தாத்தான் தெரியும். எனக்குப் பாத்த நேர்ஸ் இது ஒண்டை மட்டும் மறக்காத எண்டு சொல்லிவிட்டவ."

மச்சாளின் பயம் அப்போதுதான் வெளியே வந்தது. அது நோயைப் பற்றிய பயம் இல்லை. "டொக்டரிட்டை இதை ஆர் சொல்லுறது? தம்பியோ?" என்றார். டொக்டரிடம் போவதென்றால் மொழிபெயர்க்க என் கணவர்தான் கூடப் போவது வழக்கம்.

"நான் சொல்லுறன். நீங்க வாயே துறக்க வேணாம்."

நாளைக்கு நெல்லுக் குத்து என்று மச்சாள் கடைசியாக ஒரு சாட்டுச் சொன்னார். அது அடுத்த வருஷமும் வரும் என்று சொல்லிவிட்டு அக்கா எழும்பினார்.

சனிக்கிழமை காலையில் அங்கே மண்டபத்தில் உரலைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், நாங்கள் மூவரும் ஒரு கிளினிக்கின் வரிசையில் நின்றோம். மச்சாள் சால்வையை மூக்கு வரைக்கும் இழுத்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எங்களை நிமிர்ந்து பார்க்காமலே இன்றைக்கு இடமில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றாள். நான் என் நல்ல பிரெஞ்சில், இது கொஞ்சம் அவசரம், ஒரு தனிப்பட்ட விஷயம் என்று தொடங்கினேன். அக்கா என்னை ஒரு பக்கம் ஒதுக்கினார். கண்ணாடியிலிருந்த துவாரத்துக்குக் குனிந்து, "மதாம், செஞ்ஞெமோன். அப்ரே மெனோபோஸ்" என்றார்.

நின்ற பிறகு இரத்தப்போக்கு. அவ்வளவுதான் சொன்னார். ஆட்கள் காத்திருக்கும் இருக்கைகளில் கடைசி வாங்கில் இருந்தவருக்கும் கேட்டது. தாடி வைத்த ஒரு பையன் போனைத் தாழ்த்தினான். ஊன்றுகோலோடு இருந்த வயதான அம்மா ஒருவர் மச்சாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். அவளுக்கும் ஐம்பது இருக்கும். சால்வைக்கு மேலே தெரிந்த மச்சாளின் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். இருக்கச் சொன்னார்கள், இன்றைக்கே பார்ப்பார்கள் என்று வந்து சொன்னாள்.

வாங்கில் போய் இருந்ததும் மச்சாள், "என்ரை மானம் போச்சுது பிள்ளை" என்றார்.

"போகட்டும்கா" என்றார் அக்கா. "நீங்க இருந்தாப் போதும்."

மண்டபத்திலிருந்து அவருக்குப் போனுக்கு மேல் போன் வந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. அன்று அவர்கள் இருவரும் இல்லாமல் நெல்லைக் குத்தி, அரையும் குறையுமாக உமியோடு பொங்கிவிட்டார்கள். பின்னேரம் யாரோ ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேல்வீட்டுக் குசினியில் இருந்து மூவரும் சாப்பிட்டோம். முதல் வாயிலேயே அக்கா உமியைத் துப்பினார். மச்சாளும் துப்பினார். யாழ்ப்பாணத்தில் மாட்டுக்குக்கூட இதைவிட நன்றாகத் தீட்டிப்போடுவோம் என்றார் மச்சாள். அக்கா காலைப் பூட்டிக்கொண்டு சிரிக்க, எனக்கு அழுகை வந்தது.

ஸ்கான், துண்டெடுத்துச் சோதிப்பது என்று ஒவ்வொன்றாக நடந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா கூடவே போனார். கர்ப்பப்பையில் புற்றுநோய், தொடக்கத்தில் இருந்தது, பரவவில்லை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். இந்த நேரத்தில் வந்தது நல்லது என்றார் டொக்டர். அக்கா மச்சாளைப் பார்த்தார். மச்சாள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வைகாசியில் சபைக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நின்ற பெண்கள் குத்தலாம், சரி. கர்ப்பப்பையே இல்லாத பெண் குத்தலாமா? நின்றவர்களைவிட அவர் ஒரு படி மேலே, கேள்விக்கே இடமில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். பிறகு ஒருவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. உரலடிக்குப் போன மச்சாள் உலக்கையை வாங்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பினார். சேலைத் தலைப்பைச் சரி செய்தார்.

"எனக்கு நிண்டு ஆறு வருஷத்துக்குப் பிறகு திரும்பி இரத்தம் பட்டது" என்றார். "நான் தலை முழுகிப்போட்டுப் பேசாமல் இருந்தனான். இந்தக் கீழ்வீட்டுப் பிள்ளை கேட்டிராட்டி நான் இண்டைக்கு இல்லை. உங்களிலை ஆருக்கும் அப்பிடிப் பட்டால் முழுகாதேங்கோ. டொக்டரிட்டைப் போங்கோ."

பனி வழித்துப் பின்படியால் போன அதே மச்சாள். என் கணவர் இந்த முறை செருப்புத் தேடப் போகவில்லை, தன் தமக்கையை நேரே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்றால், பக்கத்தில் இருந்தவரிடம், அவ எங்கட மச்சாள் என்று சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அன்றிலிருந்து அக்கா உலக்கை கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டார். நிண்டுட்டா? நிண்டது திரும்பி ஏதும் பட்டதா? இரண்டுக்கும் சத்தமாகப் பதில் சொன்னால்தான் உலக்கை. தலைவரின் மனைவிக்கும் அதே சட்டம்தான்.

பிறகு அக்காவின் மகள் கல்கரியில் வீடு வாங்கி, தாயையும் தகப்பனையும் கூட்டிப்போய்விட்டாள். குளிர் அதிகமான ஊராம், அக்காவுக்குச் சந்தோஷம். கணவர் புதிதாக ஒரு ஜக்கெற் வாங்கினார். போகும்போது அக்கா உலக்கைகளை மச்சாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பிரிவைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சொதிக்குப் பால் கூடிவிட்டது என்று கடைசி நாளும் சண்டை பிடித்தார்கள்.

போன வைகாசியில் என்னுடைய முறை வந்தது. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஜன்னலைத் திறக்கிறேன், சாத்துகிறேன். முழங்கால் படியில் ஏறும்போது பேசுகிறது. இடுப்பு இறுகியபோது சட்டையின் பக்கத் தையலைத்தான் பிரித்தேன். மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். மச்சாள் இப்போது நின்று குத்துவதில்லை; உரலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, உலக்கைகளை மடியில் சாத்திக்கொண்டு இருப்பார். என்னை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"உமக்கு நிண்டிட்டுதோ?"

அவருடைய தம்பி, என் கணவர், அந்தப் பக்கத்தில் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். "ஓம் மச்சாள், ஒரு வருஷம் தாண்டிட்டுது" என்றேன்.

"கேக்கேல்லை."

மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். சொன்ன பிறகு உடம்பு இலேசானது. இரண்டாவது கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். உலக்கை கைக்கு வந்தது. நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

எனக்குப் பின்னால் நின்றவர் திருகோணமலைப் பக்கத்துப் பெண். மகள் ஸ்பொன்சர் செய்து அண்மையில்தான் வந்திருந்தார். மச்சாள் அவரிடமும் இரண்டையும் கேட்டார். அந்தப் பெண் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தயங்கினார். எங்கட பக்கத்தில் முதல் கேள்வி மட்டும்தான், இந்த இரண்டாவதும் வழக்கத்தில் உள்ளதா என்று கேட்டார்.

"ஓம் பிள்ளை" என்றார் மச்சாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "பழைய வழக்கம். ஊரிலை இருந்து வந்தது."

அந்தப் பெண் உலக்கைக்குக் கையை நீட்டவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்குப் பட்டது" என்றார். மெல்லத்தான் சொன்னார். கேட்கவில்லை என்று மச்சாள் சொல்லவில்லை.

உலக்கைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாத்திவிட்டு, கதிரையின் கையைப் பிடித்து எழுந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். அன்றைக்கு இனி உலக்கை கொடுக்க வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது. திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்குத் தான் கூட வருவதாகவும், அவர் வாயே திறக்க வேண்டியதில்லை என்றும் மச்சாள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் பாடமாக்கியது அன்று கிளினிக்கில் அக்கா சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும்தான். அதை அவர் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும்படி சொல்வார்.